உன் சீட்டில் இருந்த கடைசி வார்த்தை

என் உசுரு தோஸ்து கன்னியப்பா,

நீ போய்ப் பத்து வருஷம் ஆச்சு. இந்தப் பத்து வருஷத்தில் உன்னோடு நான் பேசாத நாள் கிடையாது. பல் விளக்கும்போது பேசுவேன், காசிமேட்டுப் பக்கம் நடக்கும்போது பேசுவேன். காகிதத்தில் பேசுவது இதுதான் முதல் தடவை. எனக்கு எழுதத் தெரியாது, உனக்குப் படிக்கத் தெரியாது. நமக்குள் கடுதாசி எதற்கு?

இதை எழுதுவது உன் மகள் தனம். நான் சொல்லச் சொல்ல எதிரே உட்கார்ந்து எழுதுகிறாள். "நான் பேசறத அப்படியே போடும்மா" என்றேன். "போடறேன் மாமு. ஆனா நீ பேசறதுல பாதி, பேசின் பிரிட்ஜ் தாண்டினா யாருக்கும் புரியாது" என்றாள். அங்கங்கே திருத்துவாள். திருத்தட்டும். ஆனால் என்ன வந்தாலும் பாதியில் நிறுத்தக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் ஆரம்பித்திருக்கிறேன். எதற்குச் சத்தியம் என்று அவளுக்கு இன்னும் தெரியாது. சிரித்துக்கொண்டே கையில் அடித்துக் கொடுத்தாள்.



முதலில் ஊர்ச் சேதி சொல்கிறேன். டிராம் வண்டியை நிறுத்திவிட்டார்கள். துரைமார்கள் கப்பலேறிப் போனார்கள், அவர்கள் நாற்காலியில் நம்மவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஹார்பரில் நமக்கு ஒரு சங்கம் வந்திருக்கிறது. இப்போதெல்லாம் ஒரு ஆபீசர் வந்து பாரம் தூக்குகிற விஞ்சு ஒயரைப் பார்த்துப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டால்தான் சரக்கையே தொடலாம். என் வீட்டுக்காரி அஞ்சலை போன ஆடி மாசம் போய்ச் சேர்ந்தாள். தாயில்லாத உன் பிள்ளையை எட்டு வயதிலிருந்து மடியில் போட்டு வளர்த்தவள். உன்னையும் மூலக்கொத்தளம் மயானத்தில்தான் வைத்தோம், அவளையும் அங்கேதான் வைத்தேன். வீட்டில் இப்போது நானும் தனமும்தான்.

உன் மகள் பள்ளிக்கூடம் முடித்து, டைப் அடிக்கப் படித்து, பெரம்பூரில் ஒரு ஆபீசில் வேலை வாங்கிவிட்டாள். வருகிற திங்கட்கிழமை சேர வேண்டும். பக்கத்திலேயே பெண்கள் தங்கும் விடுதி இருக்கிறதாம், கூடப் படித்தவர்கள் எல்லாம் அங்கே கூப்பிடுகிறார்கள். "நான் போய்ட்டா நீ சோத்துக்கு இன்னா பண்ணுவே? பீடியத் துன்னுவியா? நான் வூட்லேர்ந்தே போய் வந்துக்கறேன்" என்றாள். இது போன வாரம் சொன்னது. இந்தக் கடுதாசி முடிந்த பிறகும் அதைச் சொல்வாளா? எனக்கு வேறு யாரும் இல்லை என்று உனக்குத் தெரியும். அவளும் போய்விட்டால் நான் யாருடைய முகத்தைப் பார்த்து எழுந்திருப்பேன்?

சொல்லாமல் விட்டுவிடலாம்தான். பத்து வருஷம் சொல்லாமல்தானே விட்டேன்.

சங்கத்தில் ஆண்டு மலர் போடுகிறார்கள். பழைய ஆட்களைப் பற்றி எழுதி வாங்குகிறார்கள். உன்னைப் பற்றி எழுதித் தரச் சொல்லி இரண்டு பையன்கள் வீட்டுக்கு வந்தார்கள். உன்னைப் பார்த்தே அறியாதவர்கள். ஆனால் உனக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள், 'கையை இறக்காத கன்னியப்பன்' என்று. "அவரு போட்டோ ஒண்ணு குடுங்க பெரியவரே" என்றார்கள். நீ எங்கே போட்டோ பிடித்தாய்? இருந்தாலும் தனம் உன் தகரப் பெட்டியை இறக்கித் தேடினாள். போட்டோ இல்லை. எண்ணெய்த் துணியில் நாலாக மடித்துச் சுற்றிய அந்தச் சீட்டு இருந்தது.

எந்தச் சீட்டு என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கம்பெனியை விட்டு உன்னை அனுப்பியபோது துரை கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. பதினாலு வருஷம் வேலை செய்தவனை நடத்தைச் சீட்டு இல்லாமல் அனுப்புவது அப்போது வழக்கமில்லை.

தனம் பிரித்துப் படித்தாள். "வேலை தெரிந்தவன். குடிப்பதில்லை. நேரத்துக்கு வருகிறவன்" என்று தமிழில் சொல்லிக்கொண்டே வந்து, கடைசி வார்த்தையில் நின்றாள். அப்புறம் சிரித்தாள்.

"மாமு, துரை நைனாவ நல்லாத்தான் தெரிஞ்சு வெச்சிருக்கான். அப்ஸ்டினேட்னு போட்டுக் கீறான்."

"அப்படின்னா?"

"பிடிவாதக்காரன்."

"அது நல்ல வார்த்தையா, கெட்ட வார்த்தையா?" என்று கேட்டேன். எனக்குத் தெரியாதா கன்னியப்பா? எப்போதோ தெரியும். அவள் வாயால் வேறு மாதிரி வராதா என்ற ஆசையில் கேட்டேன்.

அவள் படித்த பெண். நிதானமாகச் சொன்னாள். "நம்மகிட்ட பிடிவாதம்னு ஒரு வார்த்தைய வெச்சுகினு எல்லாத்துக்கும் போட்டுடறோம். கொழந்த மிட்டாய்க்கு அழுதாலும் பிடிவாதம், காந்தி உண்ணாவிரதம் இருந்தாலும் பிடிவாதம். அவுங்க அப்படி இல்ல. ஃபர்ம்னு ஒரு வார்த்தை கீது. நல்ல வார்த்தை. பெரிய ஆபீசரு சொன்ன சொல்லுல நின்னா அத்தப் போடுவாங்க. இது அந்த வம்சம் இல்ல மாமு. கழுதை நகர மாட்டேன்னு நின்னா இதான். வெளுத்தாலும் போவாத கறைக்கு இதான். மருந்து குடிச்சும் வுடாத இருமல் கீது பாரு, அதுக்கும் இதே வார்த்தைதான்."

இருமல் என்றதும் உன் இருமல்தான் என் காதில் கேட்டது. அவள் கவனிக்கவில்லை.

"மனுசனுக்குப் போட்டா?" என்றேன்.

"நீ பண்றது தப்புன்னு எடுத்துக் காட்டின பொறவும் மாத்திக்காதவன்னு அர்த்தம். ஃபர்ம்னா அவன் பக்கம் நியாயம் கீது. இதுன்னா நியாயம் இல்ல. அவ்ளோதான் வித்தியாசம்."

அவ்வளவுதானாம் கன்னியப்பா. உன் பக்கம் நியாயம் இருந்ததா இல்லையா, அவ்வளவுதான்.

சீட்டை மடித்துக்கொண்டே அவள் கேட்டாள்: "ஆமா, துரை மேல ஆபீஸ் ரூம்ல ஒக்காந்துகினு இருப்பான். நைனா பிடிவாதம் புடிக்கறாருன்னு அவன்கிட்ட யாரு மாமு சொல்லியிருப்பாங்க?"

"எனக்கின்னா தெரியும்" என்றேன்.

அன்றையிலிருந்து மூன்று நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. தனம் உடம்புக்கு என்ன என்று கேட்டாள், இஞ்சிக் கஷாயம் போட்டாள். இன்று அந்தப் பையன்களுக்குக் கொடுப்பதற்காக, "சரி, உக்காரு, எழுது" என்றேன். இனி நான் சொல்வதை அவளும் இப்போதுதான் கேட்கப்போகிறாள்.

படிக்கிறவர்களுக்கு நம் வேலை தெரிந்திருக்காது. கப்பலின் கிடங்கு ஆழமான கிணறு மாதிரி. அடியில் எட்டுப் பேர் நின்று சரக்கைக் கட்டிவிடுவார்கள். மேல்தட்டில் இருக்கிற விஞ்சால் அதை நான் தூக்குவேன். என் இடத்திலிருந்து கிடங்குக்குள் ஒன்றுமே தெரியாது. அதனால் கிணற்று வாயில் ஒரு சைகைக்காரன் நிற்பான். அது நீ. உன் விரல் மேலே சுற்றினால் தூக்குவேன், உள்ளங்கை தாழ்ந்தால் இறக்குவேன், கையை உயர்த்தி முஷ்டியை மூடினால் நிறுத்துவேன். மேஸ்திரி கத்தினாலும், கப்பல் கேப்டனே வந்து கத்தினாலும், சைகைக்காரன் கை அசையாமல் விஞ்சுக்காரன் கை அசையக் கூடாது. கீழே இருக்கும் எட்டுப் பேர் உயிரும் அந்த ஒரு கையில்தான்.

உன் முஷ்டியை வைத்து நம் கேங்கில் எவ்வளவு கேலி! "கன்னீப்பன் கல்யாணத்துல மேளக்காரனுக்கே முஷ்டிய காட்டி நிறுத்திட்டு, பொண்ணு மூஞ்ச நல்லா பாத்துட்டுத்தான் தாலி கட்னான்" என்பார்கள். நீயும் சிரிப்பாய். ஆனால் கிடங்கு வாயில் நின்றுவிட்டால் சிரிக்க மாட்டாய், பீடி பிடிக்க மாட்டாய், யார் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாய்.

ஒயர் பழசானால் அதில் ஒரு இழை அறுந்து வெளியே நீட்டிக்கொள்ளும். அதை நாம் மீசை என்போம். தினமும் காலையில் வேலை தொடங்குவதற்கு முன்னால், கிரீஸ் தடவிய சாக்குத் துணியால் ஒயரைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஓடவிட வேண்டும். மீசை இருந்தால் துணியைக் கவ்வும். கவ்வினால் ஒயரை மாற்ற வேண்டும். அது விஞ்சுக்காரன் வேலை. என் வேலை. வேறு யாருடைய வேலையும் இல்லை.

உலகச் சண்டை முடிந்த மறுவருஷம், ஐப்பசி மாசம். அன்று காலை தூறல். நான் டீக்கடையில் நின்றுவிட்டேன். ஒரு டீ குடித்தேன், மழை விடவில்லை என்று இன்னொன்று குடித்தேன். கப்பலுக்குப் போனபோது மேஸ்திரி, "இன்னா ஏழுமல, மாப்ள ஊர்வலமா?" என்று கத்திக்கொண்டிருந்தார். நான் நேராக ஏறி விஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். துணியைக் கையில் எடுக்கவே இல்லை.

பத்து மணி இருக்கும். இரும்புத் தகட்டுக் கட்டுகளைக் கிடங்கிலிருந்து தூக்கிக்கொண்டிருந்தோம். ஒரு கட்டு ஆள் உயரம்கூட எழும்பியிருக்காது. உன் கண் முன்னால் ஒயர் ஓடியது, நீ எதையோ பார்த்தாய். கை மேலே போனது, முஷ்டி மூடியது. நான் நிறுத்தினேன். நீ அடுத்த கையால், "எல்லாம் வெளிய வாங்கடா" என்று கீழே சைகை காட்டினாய்.

"இன்னாடா?" என்றார் மேஸ்திரி.

"ஒயர்ல மீச கீது. ஒயர மாத்து."

மேஸ்திரி எட்டிப் பார்த்தார். ஒயர் ஓடின ஓட்டத்தில் அந்த இடம் உருளையில் சுற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டது. வெளியே ஒன்றும் தெரியவில்லை. கப்பல் ஆபீசர் வந்து கத்தினான். துரைக்கு ஆள் போய் அவரும் வந்தார். மழை பிடித்துக்கொண்டது. எட்டுப் பேரும் ஏணி வழியாக ஏறி வெளியே வரும்வரை நீ கையை இறக்கவில்லை. துரை உன் முகத்துக்கு நேராக நின்று கத்துகிறார், எச்சில் உன் மேல் தெறிக்கிறது, நீ கிடங்கைப் பார்த்தபடியே நிற்கிறாய். கடைசி ஆள் தட்டில் கால் வைத்ததும்தான் கையைக் கீழே போட்டாய்.

அதற்கப்புறம் துரை என்னைத் தூக்கச் சொன்னார். கிடங்கு காலி. தூக்கினேன். ஒயர் அறவில்லை. கட்டு பத்திரமாகக் கரையில் இறங்கியது. துரை உன்னைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தியா?" என்று தமிழிலேயே கேட்டார்.

"அடுத்த கட்டுல அறும்" என்றாய் நீ.

அன்றைக்கு அந்த விஞ்சில் வேலை நின்றது. உன்னைப் பத்து நாளைக்கு வெளியே அனுப்பினார்கள். மறுநாள் விசாரணை என்றார்கள்.

மறுநாள் விடியற்காலையில் நான் முதல் ஆளாகக் கப்பலுக்குப் போனேன். துணியைச் சுற்றி ஒயரை ஓடவிட்டேன். முதல் கவ்வல் இருபது முழத்தில். அதிலிருந்து ஒரு சாண் தள்ளி இன்னொன்று. அப்புறம் மூன்றாவது. மூன்றாவதில் துணி கிழிந்து என் உள்ளங்கையும் கிழிந்தது. நீ சொன்னது அத்தனையும் சரி. இன்னும் இரண்டு கட்டு தூக்கியிருந்தால் எட்டுப் பேர் மேல் இரும்பு விழுந்திருக்கும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா கன்னியப்பா? ஒருவரிடமும் சொல்லாமல் ஸ்டோரில் போய், "பழைய ஒயரு, மாத்திடறேன்" என்று புது ஒயர் வாங்கி மாட்டினேன். பழைய ஒயரைத் துண்டு போட்டுக் கப்பலுக்கு அந்தப் பக்கம் கடலில் தள்ளினேன்.

மத்தியானம் விசாரணை. கீழே இருந்த எட்டுப் பேருக்கு ஒயர் தெரிந்திருக்காது. ஒயரைப் பார்த்திருக்கக்கூடியவர்கள் இரண்டே பேர், நீயும் நானும். உன்னை வெளியே நிறுத்திவிட்டு என்னைத்தான் கூப்பிட்டார்கள். துரை இங்கிலீஷில் கேட்க, கம்பெனி ரைட்டர் தமிழில் கேட்டார்.

"ஒயர் எப்படி இருந்தது?"

மீசை இருந்தது என்றால், காலையில் ஏன் பார்க்கவில்லை என்ற கேள்வி என் மேல் வரும். என்னை அன்றைக்கே அனுப்பிவிடுவார்கள். டீக்கடையில் நின்ற கதை வெளியே வரும்.

"நல்லாத்தான் இருந்துச்சு சார்" என்றேன்.

"அப்ப அவன் ஏன் நிறுத்தினான்?"

"அவன் எப்பவும் அப்படித்தான் சார். பிடிவாதக்காரன். ஒண்ணு புடிச்சான்னா, தப்புன்னு தெரிஞ்சாலும் வுட மாட்டான்."

ரைட்டர் அதைத் துரையிடம் இங்கிலீஷில் சொன்னார். அந்த வார்த்தையை நான் அன்றுதான் முதல் முதலாகக் கேட்டேன். துரை தலையை ஆட்டிக்கொண்டே எழுதிக்கொண்டார்.

தனம் எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

பேனா காகிதத்தின் மேல் அப்படியே நிற்கிறது. என்னைப் பார்க்கவில்லை. "சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கியேம்மா" என்றேன். எழுந்து போய்விட்டாள். தெருக் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. குடம் நிறைந்து வழிகிற சத்தமும் கேட்டது. நான் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. எந்த முகத்தோடு போவேன்?

வெகு நேரம் கழித்து வந்தாள். குடத்தை இறக்கி வைத்தாள், முந்தானையில் கையைத் துடைத்தாள், உட்கார்ந்தாள். "பேனா நின்னதக் கூட எழுதிட்டேன். மேல சொல்லு" என்றாள். மாமு என்று சொல்லவில்லை.

சொல்கிறேன். இதோடு முடிந்திருந்தாலும் ஒருவேளை நான் மனுசனாக இருந்திருப்பேன். பயத்தில் ஒருவன் ஒரு நாள் பொய் சொல்வான். அதற்கப்புறம் செய்ததுதான் பெரிய பாவம்.

சீட்டை வாங்கிக்கொண்டு நீ சிரித்துக்கொண்டே வந்தாய். "வேலை போனா போவட்டும் மாமு, துரை சீட்டு குடுத்துட்டான். பதினாலு வருஷ வேலை இதுல கீது. எந்த கேட்ல காட்டினாலும் உள்ள வுடுவான்" என்றாய். எண்ணெய்த் துணி வாங்கினாய். தனத்தை என் வீட்டுக்காரியிடம் விட்டுவிட்டு மில், கம்பெனி என்று கேட் கேட்டாக ஏற ஆரம்பித்தாய். எனக்கு லீவு வரும் நாளெல்லாம் நானும் கூட வந்தேன். கூட வந்தால் என் பாவம் கொஞ்சம் கரையும் என்று நினைத்தேன் போலிருக்கிறது.

ஒவ்வொரு கேட்டிலும் நீ செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு கையாலும் அந்தச் சீட்டை நீட்டுவாய். குமாஸ்தா படிப்பான். முதலில் முகம் நன்றாக இருக்கும். கடைசி வரிக்கு வந்ததும் மாறும். மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவான். "இப்ப ஆள் எடுக்கல, போ."

மூன்றாவது கேட், திருவொற்றியூரில். அங்கே இருந்த குமாஸ்தா தெக்கத்திக்காரர், இளகின மனசு. நீ குழாயடிக்குத் தண்ணீர் குடிக்கப் போனாய். அவர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"நீரு அவருக்கு என்ன வேணும்?"

"தோஸ்துங்க."

"தோஸ்துன்னா ஒரு காரியம் செய்யும். இந்தச் சீட்டைக் கிழிச்சுப் போடச் சொல்லும். சீட்டே இல்லாம வந்தாக்கூட நான் எடுத்திருப்பேன். இதுல கடைசியில ஒரு வார்த்தை இருக்கு. எந்த மில்லுலயும் இதைப் பார்த்துட்டு ஆளை உள்ள விட மாட்டாங்க. சொன்னா கேக்க மாட்டான், கலகம் பண்ணுவான்னு அர்த்தம்."

"இன்னா வார்த்தைங்க?"

அவர் சொன்னார். விசாரணை ரூமில் நான் கேட்ட அதே வார்த்தை.

நீ வாயைத் துடைத்துக்கொண்டே வந்தாய். "இன்னா மாமு சொன்னாரு?" என்றாய்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். சீட்டைப் பிடுங்கி அந்த இடத்திலேயே கிழித்திருக்க வேண்டும். ஆனால் சொன்னால் நீ அடுத்து என்ன கேட்பாய்? "யாரு மாமு துரைகிட்ட அப்படிச் சொன்னது?" என்றுதானே? அன்று உள்ளே போன ஆள் நான் ஒருவன்தானே?

"ஆள் எடுக்கலயாம். சீட்டு ரொம்ப நல்லா கீதுன்னு சொன்னாரு" என்றேன்.

உன் முகம் எப்படி மலர்ந்தது! "நான் சொல்லல?" என்றாய். எண்ணெய்த் துணியை இன்னொரு சுற்று சுற்றினாய்.

தனம் தலையைத் தூக்காமல் கேட்கிறாள்: "அதுக்கப்புறம் எத்தினி கேட்டு?"

"நெறய."

"எண்ணிச் சொல்லு. ஒனக்குத் தெரியும். ஒனக்கு எதுவும் மறக்காது."

"பதினொண்ணு."

"நீ கூடப் போனது?"

"ஆறு."

எழுதிக்கொண்டாள். அந்த ஆறு கேட்டிலும் நான் உன் பக்கத்திலேயே நின்றேன் கன்னியப்பா. உன் காலைச் சுட்ட அதே தரையில் நின்றேன். நீ இரண்டு கையாலும் அந்தக் காகிதத்தை நீட்டுவதைப் பார்த்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு நின்றேன். உனக்குக் கதவைச் சாத்தியதை உன் கையாலேயே கொடுக்க விட்டேன். பெரம்பூர் வரைக்கும் நடந்து போய் வந்த அன்று என் தோளில் கை போட்டுக்கொண்டு, "நீ மட்டும் இல்லன்னா நான் பேஜாராயிடுவேன் மாமு" என்றாய். அதை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

கடைசியில் எண்ணூர்ச் சுண்ணாம்புக் காளவாய்க்குப் போனாய். அங்கே சீட்டெல்லாம் கேட்க மாட்டார்கள். கிளிஞ்சலைக் கொட்டி நெருப்பு வைக்க வேண்டும், வெந்ததை வாரி நீற்ற வேண்டும். ஹார்பரில் காற்றைக் குடித்து வளர்ந்த உடம்பு அந்தத் தூளில் எத்தனை நாள் தாங்கும்? ஒன்றரை வருஷம். புருவம், மூக்கு, நகம் எல்லாம் வெள்ளையாக வருவாய். தனம் உன்னைப் பார்த்து, "பேய் நைனா வந்துட்சு" என்று ஓடுவாள். நீயும் பேய் மாதிரி துரத்துவாய். பாதியில் இருமல் வந்து உட்கார்ந்துவிடுவாய். மருந்துக்கு அடங்காத இருமல். அதற்கும் அந்த வார்த்தையைத்தான் போடுவார்கள் என்று இப்போது தெரிகிறது.

கடைசி நாள் ஆஸ்பத்திரியில் உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். சொல்ல வந்தேன், சாமி சத்தியமாகச் சொல்ல வந்தேன். நீ முந்திக்கொண்டாய். "மாமு, தனத்த நீ பாத்துக்க. ஒன்ன விட்டா நான் யார நம்புவேன்?" என்றாய். அந்த வார்த்தைக்கு மேல் எப்படிச் சொல்வேன்? அந்த நம்பிக்கையை உடைத்துவிட்டு உன்னை எப்படி அனுப்புவேன் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். நிஜம் அது இல்லை. சொன்னால் நீ என் கையை உதறிவிடுவாய் என்று பயந்தேன். அன்றைக்கும் பயம், இன்றைக்கும் பயம். பயந்தே வயசாகிவிட்டது எனக்கு.

உன்னிடம் மன்னிப்பு கேட்க எனக்கு வாயில்லை. கேட்டால் யார் பதில் சொல்வது? நீ ஒரு நாள் கனவில்கூட வந்து என்னைத் திட்டவில்லையே, ஏன்? வந்து இரண்டு அறை விட்டிருந்தால்கூடத் தூங்கியிருப்பேன். உன் பிள்ளையை வளர்த்தேன், படிக்க வைத்தேன். அது உனக்குச் செய்ததா, என்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்ததா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டும்தானோ என்னவோ. அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது நான் அழுதது மட்டும் பொய்யில்லை.

நான் தனத்தைக் கேட்டேன்: "இத்த அந்தப் பசங்ககிட்ட குடுக்கப் போறியாம்மா?"

"குடுப்பேன்."

"ஹார்பர் பூரா படிக்கும்."

"படிக்கட்டும். நைனாவுக்குப் போட்ட வார்த்தை தப்புன்னு எல்லாரும் படிக்கட்டும். ஒரு எழுத்தக்கூட மாத்த மாட்டேன்."

"எழுத்த மாத்த வாணாம். வேற ஒண்ணு கேக்கறேன். திங்கட்கெழம..."

"திங்கட்கெழமய திங்கட்கெழம பேசிக்கலாம்" என்று வெட்டிவிட்டாள். உன் முகம்தான் அப்போது அவளுக்கு. கிடங்கு வாயில் நிற்கிற முகம்.

அவள் போகட்டும் என்று சொல்ல எனக்குப் பெரிய மனசு இல்லை கன்னியப்பா. போகாதே என்று சொல்ல உரிமையும் இல்லை. உனக்கு அங்கே கேட்கிறதென்றால், ஒரு தடவை, எனக்காக இல்லை, இந்த வயசுக்காக, அவள் காதில் ஏதாவது சொல்லேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக் கூட்டம். நானே எழுந்து நின்று என் வாயால் சொல்வேன். ஒயரில் மீசை இருந்தது. மூன்று இடத்தில் இருந்தது. நான் பார்த்தேன், மறைத்தேன். கன்னியப்பன் கையை இறக்காததால்தான் எட்டுப் பேர் வீடு திரும்பினார்கள். அந்த எட்டுப் பேரில் உயிரோடு இருக்கிறவர்கள் வீட்டுக்கெல்லாம் போய்ச் சொல்வேன், அவர்கள் பிள்ளைகளிடமும் சொல்வேன். காறித் துப்பினால் துடைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவேன். என் மூச்சு இருக்கிறவரை இதுதான் என் வேலை.

"முடிஞ்சுதா?" என்கிறாள் தனம். முடிந்தது. "கீழ யாருன்னு போடறது?" என்கிறாள். உனக்கு நான் யார் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. நீயே பார்த்து ஏதாவது போடும்மா என்று சொல்லிவிட்டேன். குனிந்து எழுதுகிறாள். என்ன எழுதினாய் என்று நான் கேட்கப்போவதில்லை. அவளும் படித்துக் காட்டப்போவதில்லை.

இப்படிக்கு,
நைனா, உன்னைக் காட்டிக் கொடுத்தவர்,
என்னை வளர்த்தவர்,
என் மாமு ஏழுமலை.